ரோஷியா மொன்டானா: ஊரை யார் தீர்மானிப்பது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ருமேனியா தேசத்திலுள்ள ஓர் ஊராட்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் ரோஷியா மொன்டானா. "ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்கவே நாம் மாதக்கணக்கில் அலைகிறோம், இதில் ருமேனியா எதற்கு?" என்று சிலர் மனதில் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் ஊர் இருக்க வேண்டுமா, கலைய வேண்டுமா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வி ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்த இடம் அந்த ஊர். அந்த ஊரைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துக்களில் வருகிறவர்களோ பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கதை என்று நினைக்கிறேன்.

ஊர் இருக்கும் இடம்

முதலில் பூகோளம். ருமேனியா ஐரோப்பாவின் தென்கிழக்கில் இருக்கிறது. தெற்கே பெரும்பகுதி எல்லையாக டான்யூப் நதி. கிழக்கே கருங்கடல். நாட்டின் நடுவில் கார்ப்பேதியன் மலைத்தொடர் அரிவாள் போல வளைந்து கிடக்கிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் பகுதிக்கு டிரான்சில்வேனியா என்று பெயர். அதன் மேற்குப் பக்கத்தை அடைத்து நிற்பவை அபுசெனி மலைகள். அபுசெனி என்றால் அவர்கள் மொழியில் மேற்கத்திய மலைகள், பொழுது சாயும் பக்கத்து மலைகள் என்று பொருள். அந்த மலைகளுக்குள்தான் நம் ஊராட்சி. ஆல்பா மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் ஆல்பா யூலியா.

மலை இடுக்கில் ஒரு சிற்றோடை ஓடுகிறது. பாறையிலுள்ள இரும்பும் கந்தகமும் கரைந்து அதன் தண்ணீர் செந்நிறமாக வரும். அதனால் ருமேனிய மொழியில் ரோஷியா, அதாவது சிவப்பு. ஹங்கேரியர்கள் அதே ஓடையைச் செவ்வோடை என்று பொருள்பட வெரெஷ்படாக் என்றார்கள். ஜெர்மானியர் கோல்டுபாக் என்றார்கள், பொன்னோடை என்று அர்த்தம். இரண்டு பேர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், மூன்றாமவர் அதற்குள் கிடக்கும் சரக்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்.

இந்த ஓடை அப்ருட் ஆற்றில் விழுகிறது. அது ஆரியெஷ் ஆற்றிலும், ஆரியெஷ் முரெஷ் நதியிலும், முரெஷ் எல்லை தாண்டி ஹங்கேரி நாட்டில் டீசா நதியிலும், டீசா டான்யூபிலும் போய்ச் சேருகின்றன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலை மேலே ஓடையில் எதைக் கொட்டினாலும் அது இரண்டு மூன்று தேசங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும்.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. டுர்டா நகரத்திலிருந்து ஆரியெஷ் ஆற்றோரமாக அப்ருட் வரை 1912இல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 760 மில்லிமீட்டர் அகலம். மரமும் தாதுவும் சனங்களும் அதில் போய்வந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அதை மூடிவிட்டார்கள். ஓர் ஊருக்குப் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் ரயில் நிற்பதுதான்.

கொம்யூனா என்றால் என்ன?

ருமேனியாவில் மேலே 41 மாவட்டங்கள், அவற்றோடு தலைநகர் புகாரெஸ்ட். மாவட்டத்துக்குக் கீழே நகரங்களும், 'கொம்யூனா' என்று சொல்லப்படும் ஊராட்சிகளும். தனிக் கிராமத்துக்குத் தனி நிர்வாகம் கிடையாது. பல கிராமங்கள் சேர்ந்தால் ஒரு கொம்யூனா. நம் பஞ்சாயத்துக்குக் கீழே பல குக்கிராமங்கள் இருக்கின்றன அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி. ரோஷியா மொன்டானா கொம்யூனாவில் 16 கிராமங்கள். சில இடங்களில் நாலு வீடு இந்தச் சரிவில், நாலு வீடு அந்தச் சரிவில். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி மொத்தம் சுமார் 2,600 பேர்.

மக்கள் நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் கொண்ட உள்ளூர் மன்றம் ஒன்றும் உண்டு. கட்டடம் கட்ட அனுமதி, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நில உபயோகத் திட்டம், இவையெல்லாம் மேயர், மன்றம் ஆகியோரின் கையில். இந்த அதிகாரம் சாதாரணமாகத் தோன்றும். பின்னால் வரும் சண்டை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது.

ரோமாபுரியின் கூலிகள்

கி.பி. 106இல் ரோமப் பேரரசன் டிராஜன் டேசியா என்ற அந்த நாட்டைப் பிடித்தான். மலைக்குள் தங்கம் இருந்தது. ரோமர்கள் அந்த ஊரை ஆல்பர்னஸ் மாயோர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் 131ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதியிட்ட ஓர் ஆவணத்தில் முதன்முதலாக வருகிறது. மரப்பலகையில் மெழுகு பூசி, எழுத்தாணியால் கீறிய ஆவணம். பழைய சுரங்கங்களுக்குள் 1786க்கும் 1855க்கும் இடையில் இப்படிச் சுமார் 25 பலகைகள் கிடைத்தன.

தங்கம் எடுக்க ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? அட்ரியாடிக் கடலோரத்து டால்மேஷியாவிலிருந்து, சுரங்க வேலை பழகிய பிருஸ்டே முதலிய இனத்தாரை அங்கே குடியேற்றினார்கள். அவர்கள் பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருந்தது. சுரங்க நிர்வாகத்தின் தலைமை அதிகாரி பக்கத்து ஆம்பெலும் நகரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் ஓரிடம், உத்தரவு வேறிடம் என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

அந்தப் பலகைகளில் 164ஆம் ஆண்டு மே 20ஆம் தேதியிட்ட ஒரு கூலி ஒப்பந்தம் இருக்கிறது. மெம்மியஸ் என்ற தொழிலாளி, நவம்பர் 13 வரை தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறான். கூலி 70 தினாரியஸ். இடையில் வேலையை விட்டால் நாளொன்றுக்கு 5 செஸ்டர்ஸ் அபராதம். நான் குமாஸ்தா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தினாரியஸ் நாலு செஸ்டர்ஸ். 70 தினாரியஸ் என்றால் 280 செஸ்டர்ஸ். நாட்கள் சுமார் 177. ஆக ஒரு நாள் கூலி ஒன்றரை செஸ்டர்ஸுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாள் வராவிட்டால் அபராதம் அதைப்போல மூன்று மடங்கு! சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி பிடித்தம். வெள்ளம் தொழிலாளி செய்த குற்றமா? ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலாளி கூலி தரத் தாமதித்தால் மூன்று நாள் தவணைக்குப் பிறகு அவருக்கும் அதே அபராதம் என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு நம் காண்டிராக்டர்களில் எத்தனை பேர் அப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

கடைசியில் இன்னொரு குறிப்பு. மெம்மியஸுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவன் கேட்டுக்கொண்டபடி இன்னொருவர் எழுதினார் என்று இருக்கிறது. கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

139ஆம் ஆண்டின் இன்னொரு பலகை ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தையை 205 தினாரியஸுக்கு விற்ற கிரயப் பத்திரம். பாஸியா என்று பெயர். அவளுக்கு வேறு பெயர் ஏதாவது இருந்தாலும் இந்தக் கிரயம் செல்லும் என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். குழந்தையின் பெயர் கூட வாங்குகிறவனுக்கு முக்கியமில்லை. ரோமாபுரியின் பெருமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பெருமைக்கான தங்கம் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் போனது. ரோமர்கள் அங்கே எடுத்தது சுமார் 500 டன் என்று யுனெஸ்கோ பதிவு சொல்கிறது.

கலைந்துபோன சங்கம்

தோழர்களே, நான் சொல்ல வந்ததில் முக்கியமான பலகை இனிமேல்தான். அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஜூபிடர் செர்னேனஸ் என்ற தெய்வத்தின் பெயரால் அமைந்த சங்கம். மாதச் சந்தா கட்டுவார்கள், யாராவது இறந்தால் சங்கம் காரியம் செய்யும். அந்நிய மண்ணில் அனாதைப் பிணமாகப் போகக் கூடாது என்பதற்காகச் சேர்ந்த கூட்டம். நம் சங்கத்தின் ஈமநிதி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதே காரணம்.

167ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி அந்தச் சங்கத்தின் தலைவர் ஆர்டெமிடோரஸும் இரண்டு பொருளாளர்களும் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். 54 பேர் இருந்த சங்கத்தில் இப்போது ஊரில் இருப்பவர்கள் 17 பேர்தான். இன்னொரு தலைவர் பதவியேற்ற பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. குறித்த நாளில் யாரும் கூடவில்லை, சந்தாவும் கட்டவில்லை. காரியம் செய்யப் பெட்டியில் பணமில்லை. ஆகவே இனி யாராவது இறந்தால் தனக்குச் சங்கம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இதுதான் அறிவிப்பின் சாரம்.

வடக்கேயிருந்து படையெடுப்பு நெருங்கிய காலம் அது. பலகைகளைச் சுரங்கத்தில் ஒளித்துவிட்டுச் சனங்கள் ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 270களில் ரோமர்களும் டேசியாவைக் கைவிட்டார்கள். ஆனால் படை வந்தது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. கூட்டத்துக்கு வராததும் சந்தா கட்டாததும் அறிவிப்பிலேயே தனியாக எழுதப்பட்டிருக்கின்றன.

கோடு போட்ட ஆட்சிகள்

அதன் பின் வந்த நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டிரான்சில்வேனியா ஹங்கேரி மன்னர்கள் கையில் இருந்தது, பிறகு தனிச் சமஸ்தானம், 17ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்கள் காலத்தில் மலை மேலே ஏரிகள் வெட்டித் தண்ணீர் தேக்கி, அந்த விசையில் தாதுவை இடிக்கும் உலக்கைப் பொறிகளை ஓட்டினார்கள். அந்த ஏரிகள் இன்றும் இருக்கின்றன. ருமேனியர், ஹங்கேரியர், ஜெர்மானியர் என்று பல ஜாதியார் வந்து குடியேறினார்கள். அந்தச் சின்ன ஊரில் ஐந்து கிறிஸ்தவப் பிரிவுகளின் கோயில்கள் உண்டு.

1784இல் அந்த மலைகளில் பண்ணையடிமைகளின் கிளர்ச்சி வெடித்தது. தலைவர்கள் ஹோரியா, க்ளோஷ்கா, கிரிஷான் என்ற மூவர். இவர்களில் க்ளோஷ்கா பிறந்த கெர்பினிஷ் கிராமம் இன்றைய ரோஷியா மொன்டானா ஊராட்சியின் 16 கிராமங்களில் ஒன்று. கிரிஷான் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹோரியாவையும் க்ளோஷ்காவையும் 1785 பிப்ரவரி 28ஆம் தேதி ஆல்பா யூலியாவில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். பார்த்துப் பயப்படட்டும் என்று குடியானவர்களைக் கூட்டி வைத்துச் செய்த கொலை. அதே ஆண்டு ஆகஸ்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப், பண்ணையடிமைத்தனத்தை ரத்து செய்யும் ஆணையில் கையெழுத்திட்டார்.

1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ராஜ்யத்தைப் பங்கு போட்டபோது ஊர் ஹங்கேரி நிர்வாகத்துக்குப் போனது. 1918 டிசம்பர் 1ஆம் தேதி ஆல்பா யூலியாவில் கூடிய ருமேனியர்கள் ருமேனியாவோடு இணைவதாகத் தீர்மானித்தார்கள். 1925 சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி மாவட்டம், ஊராட்சி அமைப்பைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் ஊர்க்குடும்பங்கள் பல பங்கு சேர்ந்து சொந்தமாகச் சிறு சுரங்கம் வைத்திருந்தன. 1948 ஜூன் 11ஆம் தேதி சுரங்கங்கள் தேசியமயமாயின. 1950இல் மாவட்டங்களைக் கலைத்து, சோவியத் மாதிரியில் பிராந்தியம், ராயோன் என்று புதுக் கோடுகள் போட்டார்கள். 1968இல் அதையும் அழித்து மறுபடி மாவட்டங்கள். அப்போது 39 மாவட்டங்களும் 2,706 கொம்யூனாக்களும் ஏற்பட்டன.

தேசியமயத்தை எதிர்ப்பவனல்ல நான். ஆனால் உடைமை சர்க்காருக்கு வந்துவிட்டதனாலேயே ஊர் சனங்களின் வார்த்தைக்கு மதிப்பு வந்துவிடவில்லை என்பதை ருமேனியா காட்டியது. 1970களின் தொடக்கத்தில் செட்டாட்டே என்ற மலையில் திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கி, ரோமர் காலத்து வேலைப்பாடுகளோடு சேர்த்து மலையின் உச்சியை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து லுப்ஷா ஊராட்சியைச் சேர்ந்த ஜாமனா கிராமத்தில் இன்னும் மோசம். செம்புச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும் என்று 1970களின் பிற்பகுதியில் அந்தக் கிராமத்தையே காலி செய்தார்கள். வீடுகளும் கல்லறைகளும் சேற்றில் முழுகின. மாதா கோயிலின் கோபுரம் மட்டும் விஷ ஏரிக்கு மேலே பல ஆண்டுகள் நீட்டிக்கொண்டு நின்றது.

1988 மார்ச்சில் அதிபர் சௌஷெஸ்கு ஒரு திட்டத்தை அறிவித்தார். நாட்டிலுள்ள சுமார் 13,000 கிராமங்களில் 5,000 அல்லது 6,000 போதும், மற்றவற்றை 2000ஆம் ஆண்டுக்குள் இடித்துவிட வேண்டும் என்பது திட்டம். புகாரெஸ்ட் அருகே சில கிராமங்களை இடிக்கவும் செய்தார்கள். 1989 டிசம்பர் புரட்சியில் அவர் ஆட்சி கவிழ்ந்ததால் மற்ற கிராமங்கள் தப்பின. 1992 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மேயரையும் மன்றத்தையும் சனங்களே தேர்ந்தெடுத்தார்கள். இனி ஊர் நம் கையில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கம்பெனி வருகிறது

1990களின் கடைசியில் கனடாவின் காப்ரியல் ரிசோர்சஸ் கம்பெனி வந்தது. ருமேனிய அரசாங்கத்தோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பெனி. அதில் கனடாக்காரர்களுக்கு ஏறத்தாழ 80 சதவீதம், சர்க்காருக்கு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பங்காளியும் சர்க்கார், அனுமதி கொடுக்க வேண்டியதும் சர்க்கார்! திட்டம் என்ன? நாலு மலைகளைத் திறந்தவெளியாக வெட்டுவது. சயனைடு கரைசலால் சுமார் 300 டன் தங்கமும் 1,600 டன் வெள்ளியும் பிரிப்பது. கழிவுச் சேற்றுக்காகக் கொர்னா பள்ளத்தாக்கில் 185 மீட்டர் உயர அணை கட்டுவது. கொர்னா என்பது வெறும் பள்ளமல்ல, 16 கிராமங்களில் ஒன்று. ஏறத்தாழ 2,000 பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

சயனைடு என்றால் என்ன என்று அந்த நாட்டுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. 2000 ஜனவரி 30ஆம் தேதி வடக்கே பாயா மாரே நகரத்தில் ஒரு தங்கக் கம்பெனியின் கழிவு அணை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு கலந்த தண்ணீர் ஆற்றில் கலந்தது. அது டீசாவுக்குப் போய், ஹங்கேரியில் மட்டும் 1,000 டன்னுக்கு மேல் மீன் செத்தது. முதலில் நினைவில் வைக்கச் சொன்ன நதி வரிசையில் டீசாவும் இருந்தது அல்லவா?

கம்பெனி வீடு வீடாக விலை பேசியது. பெரும்பாலானோர் விற்றார்கள். ஆல்பா யூலியாவில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பும் கட்டப்பட்டது. 2002இல் உள்ளூர் மன்றம் நில உபயோகத் திட்டத்தை மாற்றி, அந்தப் பகுதியைச் சுரங்கத் தொழிலுக்கென்று ஒதுக்கியது. இதன் பலன் என்ன? சுரங்கத்தைத் தவிர வேறு தொழில் தொடங்க வழியில்லை. ஒரு தங்கும் விடுதி கட்டவோ சின்ன ஆலை வைக்கவோ அனுமதி கிடைக்காது. முதலில் வேறு பிழைப்புக்கு வழியில்லாமல் செய்துவிட்டு, அப்புறம் "இந்த ஊருக்குச் சுரங்கத்தை விட்டால் வேறு கதியில்லை" என்று சொல்வது. ஒரு தீர்மானத்தின் இரண்டு வரியில் இது முடிந்துவிடுகிறது. மன்றத்தின் அஜெண்டாவை யாரும் படிக்காத ஊரில் இது சுலபம். பின்னால் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது என்பது வேறு விஷயம்.

விற்க மறுத்தவர்கள்

2000 செப்டம்பரில் விற்க மறுத்த குடும்பங்கள் ஒரு சங்கம் அமைத்தன. சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஆல்பர்னஸ் மாயோர். ஆம், ரோமர் காலத்துப் பெயர்தான். 54 பேரில் 17 பேர் மிஞ்சிச் சங்கத்தைக் கலைத்தார்களே, அதே ஊரின் அதே பெயரில் 1,833 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சங்கம்.

அவர்கள் செய்தது பெரிய வீரதீரச் செயல் எதுவுமில்லை. நிலத்தை விற்கவில்லை. ஒவ்வோர் அனுமதியையும் எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்தார்கள். சட்டத்துக்கு முரணானவற்றை நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள், பல அனுமதிகள் ரத்தாயின. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிதி நிறுவனம் 2002இல் கடன் யோசனையிலிருந்து விலகியது. கம்பெனிக்கு எல்லா நிலமும் தேவை. தனியார் கம்பெனி, விருப்பமில்லாதவர்களின் நிலத்தைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. எஞ்சிய குடும்பங்கள் மறுத்ததால் அத்தனை பெரிய திட்டம் நின்றது.

ஊர் முழுவதும் ஒரே குரலில் பேசியது என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். 2006இல் சர்க்கார் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனவர்கள் கம்பெனியை விரும்பினார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அடுப்பெரிய வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். 2012 டிசம்பர் 9ஆம் தேதி ஆல்பா மாவட்டத்தின் 35 ஊர்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் சுரங்கம் வேண்டும் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான், 50 சதவீதம் தேவை. ஆகவே அது செல்லவில்லை. இங்கே ஒரு கேள்வி. அணை வரப்போவது கொர்னாவில். முழுகப்போவது கொர்னாவிலுள்ளவனின் வீடு. 35 ஊர்க்காரர்கள் கை தூக்கி அவன் வீட்டை முழுகடிக்கலாமா? எந்த எல்லைக்குள் வாக்கெடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. கோடு போடுகிறவன் கையில் அவ்வளவு அதிகாரம்.

2013 ஆகஸ்ட் 27ஆம் தேதி பிரதமர் பொன்டாவின் அரசாங்கம் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. கம்பெனியே கட்டாய நில ஆர்ஜிதம் செய்ய வழி செய்யும் மசோதா. செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, சனங்கள் வீதிக்கு வந்தார்கள். புகாரெஸ்டிலும் க்ளூஜ் நகரத்திலும் வாரக்கணக்கில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோஷியா மொன்டானாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அதே மாதம் சில சுரங்கத் தொழிலாளர்கள் வேலை வேண்டும் என்று சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து, திட்டத்துக்கு ஆதரவாகப் போராடியதும் உண்மை. நவம்பர் 19ஆம் தேதி செனட் சபை மசோதாவை நிராகரித்தது. 2014 ஜூன் 3ஆம் தேதி கீழ்ச்சபையும் நிராகரித்தது.

கம்பெனி விட்டதா? 2015இல் வாஷிங்டனிலுள்ள முதலீட்டுத் தகராறு மையத்தில் ருமேனியா மீது வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு சுமார் 440 கோடி டாலர், வட்டியோடு சேர்த்து அது பின்னும் ஏறியது. ஒரு தேசத்தின் பார்லிமென்டு முடியாது என்று சொன்னதற்கு, அந்தத் தேசத்து சனங்களின் வரிப்பணத்திலிருந்து அபராதம் கேட்கும் ஏற்பாடு. 2024 மார்ச் 8ஆம் தேதி மத்தியஸ்தர்கள் பெரும்பான்மை முடிவாகக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்து, செலவுத்தொகையையும் கம்பெனியே தர வேண்டும் என்றார்கள். இடையில் 2021 ஜூலை 27ஆம் தேதி யுனெஸ்கோ அந்த ஊரின் சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, அன்றே அபாயத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

ஊர் தப்பியது. ஆனால் பாதி காலியாகித் தப்பியது. இடிக்கப்பட்ட வீடுகள் திரும்பி வரவில்லை. விற்றுவிட்டுப் போனவர்களில் பலர் பெற்றோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துப் போய் வேறிடத்தில் புதைத்தார்கள். வேலையில்லாத இளைஞர்களின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. சுரங்கம் வேண்டாம் என்று சொன்ன சங்கம், அதற்குப் பதில் என்ன வேலை என்ற கேள்வியையும் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது. இதையும் நாம் கவனிக்க வேண்டும். எதிர்ப்பு மட்டும் சோறு போடாது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சை முடிக்கிறேன். ரோமச் சக்கரவர்த்தி, ஹாப்ஸ்பர்க் பேரரசர், ஹங்கேரி மந்திரிசபை, சௌஷெஸ்கு, கனடா கம்பெனி என்று அந்த மலைக்கு எஜமானர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவர் காலத்திலும் ஊரின் பெயரும் எல்லையும் மாறின. முடிவு எப்போதும் மேலிருந்தே வந்தது. அந்த வழக்கம் முதன்முதலாக மாறியதற்குக் காரணம், கொஞ்சம் குடும்பங்கள் ஒழுங்காகக் கூடி, ஒழுங்காகப் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் சலிக்காமல் நின்றது.

நம்மில் எத்தனை பேருக்கு நாம் குடியிருக்கும் லைன் எந்த வார்டில் இருக்கிறது என்று தெரியும்? மாநகராட்சியின் நில உபயோகத் திட்டத்தில் நம் குடியிருப்புக்கு என்ன வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்தோமா? பாஷை தெரியாது, ஆபீசர் திட்டுவார் என்று தயங்குகிறோம். தயக்கம் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குள் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வர மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் பகலில் குடியிருப்பில் இருப்பவர்களும், நோட்டீஸ் ஒட்ட வருகிறவனை முதலில் பார்ப்பவர்களும் நம் தாய்மார்கள்தான்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை. ஆர்டெமிடோரஸ் ஒட்டிய அறிவிப்பு மாதிரி ஒன்றை எழுதும் வேலை நம் செயலாளருக்கு வரக் கூடாது. அதை மட்டும் சொல்லிக்கொண்டு விடைபெறுகிறேன். குழுவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் மேடைக்கு அருகே வந்து கொடுக்கலாம். வணக்கம்.